127 பற்கள் கொண்ட சக்கரம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகமும் திருவள்ளூரை அடுத்த காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையும் பெரிய இயந்திரங்களுக்குப் பெயர் பெற்றவையாயினும், அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டையொட்டிய கொட்டகையில் ஒரே ஒரு லேத்தை வைத்துத் தொழில் செய்வோரும் உள்ளனர். பணிப்பொருளைச் சக் என்னும் பிடிப்பானில் இறுக்கிச் சுழலவிட்டு, அதன்மீது வெட்டுளியை நகர்த்திச் சீவும் கடைசல் இயந்திரமே லேத்து ஆகும். தொழிற்சாலையில் அது பழுதானால் பராமரிப்புப் பிரிவு வந்து பார்க்கும். வீட்டுப் பட்டறையிலோ கடைசல்காரரே மருத்துவராகவும் இருக்க வேண்டியுள்ளது.

அத்தகைய பழுதுகளுள் கடுமையானது மரை வெட்டும்போது நேர்வது. சக்கைச் சுழற்றும் தண்டுக்கும், லீட் ஸ்க்ரூ எனப்படும் நீண்ட மரைத்தண்டுக்கும் இடையில் மாற்றுப் பல்சக்கரங்கள் கோக்கப்பட்டிருக்கும். 1800ஆம் ஆண்டளவில் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே செம்மைப்படுத்திய இந்த ஏற்பாடே இன்றளவும் நீடிக்கிறது. உளியைத் தாங்கிய கேரேஜ், இரு பாதிகளாகப் பிளந்த ஹாஃப் நட்டின் வழியாக மரைத்தண்டைக் கவ்விக்கொண்டு நகரும். அந்த நட்டை உரிய கணத்தில் விடுவிக்காவிட்டால் கேரேஜ் சுழலும் சக்கின்மீது மோத, எங்கோ ஒரு சக்கரத்தின் பல் முறியும்.

முறிந்த பல்லைக் கண்டதும் புதிய சக்கரத்தைத் தேடுவது இயல்புதான், ஆனால் அது அவசரம். சில லேத்துகளில் மரைத்தண்டின் இணைப்பில் ஷியர் பின் என்னும் மெலிந்த ஊசி வைக்கப்பட்டிருக்கும். மிகுந்த விசை வந்தால் முதலில் தான் அறுந்து சக்கரங்களைக் காக்கும்படி வேண்டுமென்றே மென்மையாகச் செய்யப்பட்டது அது. அடிக்கடி அறுகிறதே என்று அதன் இடத்தில் எஃகு போல்ட்டைச் செருகியிருந்தால், உடைய வேண்டியது உடையாமல் நின்று, உடையக் கூடாதது உடைந்திருக்கும். புதிய சக்கரத்தை மாட்டினாலும் அதற்கும் அதே கதிதான்.

ஆகவே மின்சாரத்தைத் துண்டித்து, சக்கரங்களைப் பிரித்துவிட்டு, சக்கைக் கையால் சுழற்றிப் பார்ப்பது முதல் வேலை. அது தடையின்றிச் சுழன்றால் பேரிங்குகளின்மீது ஐயம் கொள்ளத் தேவை குறைவு. அடுத்து மரைத்தண்டைத் தனியாகச் சுழற்ற, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இறுகுமானால் மோதலில் தண்டு வளைந்திருக்கலாம். டயல் கேஜ் அதை உறுதிப்படுத்தும். பிறகு ஹாஃப் நட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பழவேற்காட்டு ஏரிக்கு அண்மையிலுள்ள கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில், வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் எண்ணெய் காணாத தண்டு எளிதில் துருப்பிடிக்கும். துருவும் இரும்புச் சீவலும் பழைய கிரீஸும் சேர்ந்து இறுகியிருந்தால், நெம்புகோலைத் தூக்கிய பின்னும் நட்டு விடாமல் கவ்வியிருக்கக்கூடும். கைத்தவறு என்று நினைத்தது இங்கே அழுக்கின் குற்றமாக முடியலாம்.

உடைந்தது 127 பற்கள் கொண்ட சக்கரமானால் சிக்கல் வேறுவகைப்படும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அதன் ஐந்து மடங்கே 127. மரைத்தண்டில் அங்குலத்துக்கு நான்கு மரை கொண்ட பழைய லேத்தில் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் மரை வெட்ட, மரைத்தண்டின் பக்கம் 127 பற்களும் ஓட்டும் பக்கம் 40 பற்களும் தேவை. அதற்குப் பதிலாக 63க்கு 20 என்று கோத்தால் இடைவெளி சுமார் 2.016 மில்லிமீட்டராகும், குட்டையான நட்டில் அந்தப் பிழை பெரிதாகத் தெரியாமற்போகலாம், ஆனால் 100 மில்லிமீட்டர் நீளத்தில் அது ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டராக வளர்ந்துவிடும்.

வார்ப்பிரும்புச் சக்கரத்தில் ஓரிரு பற்கள் மட்டும் போயிருந்தால், பித்தளைக் கம்பியை உருக்கிப் பற்றவைக்கும் பிரேசிங் முறையில் மேடெழுப்பி, அரத்தால் பல்லின் வடிவம் தரலாம். மெதுவாக ஓடும் மாற்றுச் சக்கரத்துக்கு இது போதும். புதிதாக அறுக்க வேண்டுமானால், சுற்றைச் சமமாகப் பகுக்கும் கருவி பொருத்திய மில்லிங் இயந்திரம் வேண்டும். 127 பகா எண்ணாதலால், வழக்கமான துளைத்தட்டுகளைக் கொண்டு நேரடியாகப் பகுக்க இயலாது. கூடுதல் சக்கரங்களைக் கோத்துத்தான் அறுக்க முடியும் என்பதால் எல்லாப் பட்டறைகளும் இதை ஏற்பதில்லை.

அறுப்பவரிடம் சொல்ல வேண்டிய முதல் அளவு மாடியூல் ஆகும். பற்களின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, சக்கரத்தின் வெளி விட்டத்தை அதனால் வகுத்தால் அது கிடைக்கும். 40 பற்களும் 84 மில்லிமீட்டர் விட்டமும் இருந்தால் மாடியூல் 2. பழைய அங்குல லேத்துகளில் இந்த விடை முழு எண்ணாக வராது. பல்லின் சாய்கோணமும் 20 பாகையாக இல்லாமல் பதினான்கரைப் பாகையாக இருக்கலாம். எனவே கியர் அறுக்கும் பட்டறைக்குப் போவோர் உடைந்த சக்கரத்தோடு, அதனுடன் இணைந்து ஓடும் உடையாத சக்கரத்தையும் கட்டாயம் எடுத்துச் செல்ல வேண்டும்.