வரப்புப் புல்லும் சிலந்தியும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். சிலந்தியைப் பத்திப் பேசப் போறேன்னு சொன்னதும் எங்க குழுவிலேயே சிரிச்சாங்க. "ஒட்டடை அடிக்கிற உனக்குச் சிலந்தி மேல என்னடி பாசம்?"னு கேட்டாங்க. பாசம் இல்லை, கடன் கணக்குதான் காரணம்.

நான் பிறந்தது கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கம். வாக்கப்பட்டது கீழே, கோமுகி அணைத் தண்ணீர் பாயுற ஊர். மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்க நெல்லுல புகையான் விழுந்துச்சு. குழுவுல 15,000 ரூபாய் உள்கடன் வாங்கி மருந்து அடிச்சோம். பத்து நாள் பயிர் தெளிவா இருந்துச்சு. அப்புறம் முன்னைவிட அதிகமா வந்துச்சு. மறுபடியும் அடிச்சோம். வட்டம் வட்டமாப் பயிர் காய்ஞ்சு போச்சு. ரெண்டு ஆட்டை வித்துத்தான் கடனை அடைச்சேன்.

அதுக்கப்புறம் ஒரு வேளாண் பயிற்சிக்குப் போனப்பதான் காரணம் தெரிஞ்சுது. புகையான் இலை உறைக்குள்ள முட்டை வைக்கும். மருந்துக்கு அந்த முட்டை தப்பிச்சுடும். ஆனா தூருல ஓடித் திரிஞ்சு புகையானைத் தின்னுற ஓநாய்ச் சிலந்தி செத்துப் போகும். முட்டை பொரியும்போது பிடிச்சுத் தின்ன ஆள் இருக்காது. ஒரு ஓநாய்ச் சிலந்தி ஒரு நாளைக்கு 5 முதல் 15 பூச்சி வரைக்கும் தின்னும். இந்தோனேசியா நாட்டிலும் இப்படித்தான் மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகி, 1986-ல் அந்த அரசாங்கம் நெல்லுக்கு அடிக்கிற 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது.

அறுப்பு முடிஞ்சா சிலந்தி எங்கே போகும்? வரப்புப் புல்லுக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் போகும். நடவு முடிஞ்சதும் வயலுக்குத் திரும்பி வரும். நாம அந்தப் புல்லுக்குக் களைக்கொல்லி அடிக்கிறோம், தீ வைக்கிறோம்.

மலையில எங்க அம்மா காலத்துல சாமை, தினை விதைச்சு, அப்புறம் சில வருஷம் நிலத்தை ஆறப் போடுவாங்க. புல் மண்டிக் கிடக்கும். மார்கழிப் பனியில பார்த்தா புல்லு மேல துணி விரிச்ச மாதிரி வலை. நடுவுல புனல் மாதிரி ஓட்டை, அதுக்குள்ள சிலந்தி. இப்ப அங்கே வருஷா வருஷம் மரவள்ளி. கீழே எங்க ஊர் மேய்ச்சல் நிலத்துல பாதி வீடும் ரோடுமா ஆயிடுச்சு. வீடு வேணும், மரவள்ளிக் காசும் வேணும். அதை நான் குறை சொல்லலை.

ஆனா சிலந்தியில பல வகை இருக்கு. வட்ட வலை கட்டுறதுக்கு உயரமான புல்லும் செடியும் வேணும். ஓடிப் பிடிக்கிறதுக்குச் சருகு வேணும். ஒண்ணு பூவுல ஒளிஞ்சு பிடிக்கும், ஒண்ணு தாவிப் பிடிக்கும். எல்லாத்தையும் மொட்டையா வழிச்சுட்டா, ஏதோ சில வகைதான் மிஞ்சும். தூருல இருக்கிற பூச்சிக்கு ஒரு காவல், மேலே பறக்கிற அந்துப்பூச்சிக்கு வேற காவல். ஒரே காவலாளி எல்லா வாசலையும் பார்க்க முடியாது.

முள்வேலியில அழுக்குப் பஞ்சு மாதிரி கூடு பார்த்திருப்பீங்க. அதுக்குள்ள நூத்துக்கணக்குல சிலந்தி சேர்ந்து வாழும், பெரும்பாலும் பொம்பளைங்கதான்! பெரிய பூச்சி சிக்கினா கூடி இழுக்கும். அதுவும் சுய உதவிக் குழுதானே? ஜேசிபி வந்தா வேலியோட அதுவும் போயிடும்.

இப்ப நான் களைக்கொல்லி அடிக்கிறதில்லை. "புல் இருந்தா பாம்பு வரும்"னு வீட்டுக்காரர் சண்டை போட்டார். அதனால நடக்கிற பக்கம் அறுத்துட்டு, வயல் பக்கம் ஒரு முழம் விடுறேன். நட்டதும் வயல்ல அங்கங்கே வைக்கோல் கட்டு வைக்கிறேன். சிலந்தி அதுல ஒதுங்கும். மருந்து அடிக்கும் முன்னாடி எண்ணிப் பார்க்கிறேன். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தா, தூருக்கு 2 புகையான் வரைக்கும் பொறுக்கலாம். சிலந்தி இல்லைன்னா தூருக்கு 1 வந்தாலே மருந்து. இது வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்ற கணக்கு. போன சம்பாவுல வேப்பங்கொட்டைக் கரைசல் ஒரு தடவை அடிச்சதோட சரி. மருந்துக்குன்னு கடன் வாங்கலை.

அதனால ரெண்டு கோரிக்கை வைக்கிறேன். பூச்சிமருந்துக்கு உள்கடன் கேட்கிற உறுப்பினர் முதல்ல வயல்ல எண்ணிப் பார்த்துட்டு வரட்டும். மிச்சம் இருக்கிற மேய்ச்சல் நிலத்துக்கு யாரும் தீ வைக்கக் கூடாதுன்னு கிராம சபையில நாம எல்லோரும் சேர்ந்து கேட்கணும். இந்த ரெண்டையும் கூட்டமைப்புத் தீர்மானப் புத்தகத்துல எழுதணும்னு கேட்டுக்கிறேன்.