எங்கப்பா பார்த்த தாழி

(‘பழம்பொருள்கள் கிடைத்த ஊரிலேயே இருக்க வேண்டும்’ என்ற அணியில் பேசிய இல்லத்தரசி)

எதிரணித் தம்பி ஒரு கேள்வி கேட்டுட்டு ஜம்முனு உட்கார்ந்துட்டார். ‘கிராமத்துல மியூசியம் கட்டினா யாருங்க பார்ப்பா? ஆடு மாடா வரப்போகுது?’ன்னு. (சிரிப்பு) நான் தாமிரபரணிக் கரைக்காரி. பதில் சொல்லியே ஆகணும்.

எங்க பக்கத்தில் ஆதிச்சநல்லூர். சுமார் 114 ஏக்கர். இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த பூமி. 1876-ல் ஜாகோர்னு ஒரு ஜெர்மானியர் வந்து தோண்டினார். கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டு போயிட்டார். அப்புறம் 1899-லிருந்து அலெக்சாண்டர் ரியா தோண்டினார். தங்க நெற்றிப்பட்டம், வெண்கலப் பாத்திரம், இரும்பு ஆயுதம் எல்லாம் சென்னை எழும்பூருக்குப் போச்சு. ரியாவைக் குறை சொல்லலே ஐயா. அவர் பட்டியல் போட்டு எழுதி வைச்சதாலதான் எது எங்கே கிடைச்சதுன்னே தெரியுது. ஆனா ஊர்ல மிஞ்சினது பொட்டல்தானே?

நான் ஏழாவது படிக்கிறப்போ எங்க தோட்டத்துல கிணறு வெட்டினாங்க. ஆறடி ஆழத்துல ஒரு பெரிய பானை. உள்ளே எலும்பு, துருப்பிடிச்ச இரும்புத் துண்டு. எங்க ஆச்சி, ‘யார் வீட்டுப் பெரியவரோ’ன்னு சூடம் ஏத்தினா. அப்பாவோ, பேய்னு பேச்சு கிளம்பினா கூலிக்கு ஆள் வராதேன்னு கடப்பாரையால ரெண்டு போடு. அள்ளிக்கிட்டுப் போய் ஆத்துல போட்டுட்டார். பத்து ரூபாய்க்கு மேல பெறுமானமுள்ள புதையல் கிடைச்சா கலெக்டருக்குச் சொல்லணும்னு 1878-லேயே சட்டம் இருக்கு. உடைஞ்ச பானைக்கு எங்க ஊர்ல யாருய்யா பத்து ரூபா தருவா? (சிரிப்பு)

ஒரு தடவை அப்பாவை எழும்பூர் மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். சுத்திப் பார்த்துட்டு, ‘நல்லாத்தான் இருக்கு, சாப்பாடு எங்கே?’ன்னார்.

2023 ஆகஸ்டுல ஆதிச்சநல்லூர்லயே தள அருங்காட்சியகம் திறந்தாங்க. தோண்டின குழிக்கு மேல கண்ணாடி. தாழி கிடந்த இடத்துலயே கிடக்கு. அப்பாவுக்கு எண்பது வயசு. கூட்டிட்டுப் போனேன். செருப்பைக் கழற்றினார். குனிஞ்சு பார்த்தார். ‘இதே மாதிரிதாம்ளா இருந்துச்சு, விளிம்புகூட...’ன்னார். அதுக்கு மேல பேச்சு வரலே. (அரங்கில் அமைதி)

திரும்பி வரும்போது பஸ்ஸுல கேட்டார் ஐயா: ‘ஆத்துல போட்ட இடத்தைக் காட்டினா, அவங்க வந்து தேடிப் பார்ப்பாங்களாளா?’

தம்பி, யார் பார்ப்பான்னு கேட்டீங்களே... எங்கப்பா பார்த்தார். (பலத்த கைதட்டல்)