சிறுநீர் சொல்லும் சேதி



சிறுநீர் என்றதுமே முகம் சுளிப்பவர்கள் நம்மில் அதிகம். கிளினிக்கில் சிறு குப்பியைக் கொடுத்தால், யாரும் பார்க்காதபடி மறைத்துக்கொண்டு நடக்கிறோம். ஆனால், புற்றுநோயின் அடையாளப் புரதம் ஒன்று முதன்முதலில் சிக்கியது சிறுநீரில்தான்.

1845இல், லண்டனில் ஒரு நோயாளியின் சிறுநீர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவரின் ஆய்வுக்கு வந்தது. அதிலிருந்த புரதம் விநோதமாக இருந்தது. கொதிக்க வைத்தால் கரைந்தது. ஆறியதும் மீண்டும் திரண்டது. எலும்பு மஜ்ஜையில் உருவாகும் மைலோமா என்ற புற்றுநோயின் அடையாளம் அது. அந்தப் புரதத்தை மருத்துவர்கள் இன்றும் தேடுகிறார்கள்.

புற்றின் சேதி சிறுநீருக்கு எப்படி வருகிறது? நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. பெரிய புரதங்கள் தடுக்கப்படுகின்றன. சிறிய புரதங்களில் கொஞ்சம் நழுவி வந்துவிடுகின்றன. கட்டி வெளியிடும் புரதமும் அவற்றோடு கலந்து வரலாம். ஊசி வேண்டாம், வலி இல்லை என்பதே இந்தச் சோதனையின் பெரும் வசதி.

கணையப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் அது பெரும்பாலும் அறிகுறி காட்டாது. தெரியவரும்போது பலருக்கு அறுவை சிகிச்சைக்கான காலம் கடந்துவிடுகிறது. 2015இல் லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிறுநீரில் சுமார் 1,500 புரதங்களை அலசி, மூன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அம்மூன்றும் சேர்ந்து தொடக்கநிலைக் கணையப் புற்றையும் 90 விழுக்காட்டுக்கு மேல் துல்லியமாகப் பிரித்துக் காட்டின.

அப்படியானால் எல்லாருக்கும் இந்தச் சோதனையைச் செய்துவிடலாமே என்று கேட்பீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10,000 பேரில் 10 பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சோதனை 90 விழுக்காடு சரியாகச் சொன்னால், அந்த 10 பேரில் 9 பேரைக் கண்டுபிடிக்கும். ஆனால் நோயே இல்லாத 999 பேரையும் சேர்த்துப் பயமுறுத்திவிடும்! அத்தனை பேரின் தூக்கம் போகும், ஸ்கேன் செலவும் கூடும்.

சிறுநீர்ப்பைப் புற்றுக்கான என்எம்பி22 புரதச் சோதனையை 1996இல் அமெரிக்கா அனுமதித்தது. ஆனால் சிறுநீரகக் கல்லோ கிருமித் தொற்றோ இருந்தாலும் அது தவறாக அபாய மணி அடிக்கக்கூடும். அதனால்தான் சிறுநீர்ப்பைக்குள் குழாய்க் கருவி விட்டுப் பார்க்கும் முறையை மருத்துவர்கள் இன்னும் கைவிடவில்லை.

ஆகவே நேயர்களே, “ஒரு சொட்டுச் சிறுநீரில் எல்லாப் புற்றும் தெரியும்” என்று யாராவது விளம்பரம் செய்தால், பணம் கட்டுமுன் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். இன்னொன்று: சிறுநீரில் ஒரேயொரு முறை இரத்தம் தெரிந்தாலும், வலியே இல்லாவிட்டாலும், உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். புகைபிடிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் கூச்சப்பட்டு இதை மறைப்பார்கள். நாம்தான் பக்குவமாகக் கேட்க வேண்டும்.

ஆய்வுக்கூடம் தன் வேலையைச் செய்கிறது. வெட்கத்தை விடுவது நம் வேலை.