துந்தோங்: பேராக் ஆற்றின் அரிய ஆமை



பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைத் தைப்பிங் மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப் போகிறோம். 1961-ஆம் ஆண்டில் தொடங்கிய பழைய காட்சிசாலை அது. உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் தேடுவது புலியை, அடுத்தது யானையை. ஆமை இருக்கும் குளத்தருகே யாரும் அதிக நேரம் நிற்பதில்லை. அரிய பிராணி என்றால் அது பெரிதாக இருக்க வேண்டும், உறும வேண்டும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் உலகிலேயே மிக அருகிப்போன ஆமைகளுள் ஒன்று, தெலுக் இந்தானை வளைத்துக்கொண்டு ஓடும் நம் பேராக் ஆற்றில் வாழ்கிறது. மலாய்க்காரர்கள் அதைத் துந்தோங் என்பார்கள்.

இது கடலாமை அன்று. குளத்தில் காணும் சிற்றாமையும் அன்று. முழு வளர்ச்சி அடைந்த பெண் ஆமையின் ஓடு அரை மீட்டருக்கு மேல் நீளும். எடை இருபது கிலோவைத் தாண்டும். மூக்கு நுனி சற்றே மேல்நோக்கி இருக்கும். முன்னங்காலில் ஐந்துக்குப் பதிலாக நான்கே நகங்கள். இனம்பெருகும் பருவத்தில் ஆண் ஆமையின் தலையும் கழுத்தும் கரி பூசியதுபோல் கறுத்துவிடும்.

ஆற்றின் முகத்துவாரத்தில், பாக்காவ் மரங்கள் அடர்ந்த உப்பங்கழியில் இது மேய்கிறது. பெரெம்பாங் மரத்தின் கனி இதற்கு விருப்பமான தீனி. நீர் ஏறும்போது கரையோரம் வந்து தின்னும். நீர் வற்றும்போது ஆழத்துக்குத் திரும்பும். முட்டையிடத்தான் பெரும்பயணம். ஆண்டின் இறுதியிலிருந்து மார்ச்சு வரையிலான மாதங்களில் பெண் ஆமைகள் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தி, தெலுக் இந்தானையும் கடந்து, போத்தா பக்கத்து மணல்திட்டுகளுக்குப் போய்ச் சேரும். இரவில் கரையேறிக் குழி தோண்டி இருபது, முப்பது முட்டைகள் இடும். கோழி முட்டையைவிடப் பெரிய, நீண்ட முட்டைகள். பிறகு மணலை மூடி, உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டு இறுக்கும். அந்த ஓசையைக் கேட்டுத்தான் துந்தோங் என்ற பெயரே வந்தது என்பார்கள்.

இந்த முட்டைக்கு அரண்மனை வரை மதிப்பு இருந்தது. பருவம் வந்தால் பேராக் சுல்தான் பரிவாரத்துடன் மணல்திட்டுக்கு வருவது ஒரு வழக்கம். முட்டை எடுப்பதற்கு அரண்மனையின் கட்டுப்பாடு இருந்தது. ஆமை இறைச்சியை மலாய் மக்கள் சமயக் காரணத்தால் தொடுவதில்லை. ஆகவே முட்டை போனாலும் தாய் பிழைத்தது. போருக்கு முன் இந்த ஒரே ஆற்றில் ஆண்டுக்கு மூன்று இலட்சத்துக்கும் மேலான முட்டைகள் இடப்பட்டன என்று ஒரு கணக்கு உண்டு.

பிறகு ஜப்பானியர் காலம் வந்தது. மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த கதையைத் தோட்டத்துக் குடும்பங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பசி வந்தபோது கட்டுப்பாடு எங்கே நிற்கும்? தாய் ஆமைகளையே பிடித்துத் தின்றார்கள். போர் முடிந்த பின்னும் பழைய நிலை திரும்பவில்லை. அணைகள் எழுந்தன, மணல் அள்ளும் இயந்திரங்கள் வந்தன, வலைகள் பெருகின. முட்டையிடத் திட்டு இல்லாத ஆமை என்ன செய்யும்?

1960-களின் பிற்பகுதியில் வனவிலங்கு இலாகா போத்தா கானானில் ஒரு நிலையம் அமைத்தது. திட்டுகளில் கிடைக்கும் முட்டைகளைக் கொண்டுவந்து, வேலியிட்ட மணலில் புதைத்துக் காப்பார்கள். இரண்டரை, மூன்று மாதத்தில் குஞ்சு வெளிவரும். அதைத் தொட்டியில் வளர்த்து, ஓடு கெட்டியான பிறகு ஆற்றில் விடுவார்கள். கேட்பதற்கு எளிது. ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. குளிர்ந்த மணலில் ஆணும், சூடான மணலில் பெண்ணும் பிறக்கும். நிழலான இடத்தில் எல்லா முட்டைகளையும் புதைத்தால் ஆண் குஞ்சுகளாகவே பிறந்துவிடக்கூடும்.

அதைவிடப் பெரிய சங்கடம் காலம். இந்த ஆமை முட்டையிடும் வயதுக்கு வர ஏறத்தாழ இருபது ஆண்டு ஆகும். இந்த ஆண்டு விடும் குஞ்சு தாயாகும்போது, இன்று முதலாம் வகுப்பில் இருக்கும் நம் பிள்ளை வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும். அதற்குள் ஒரு வலையில் சிக்கிச் செத்தால் அத்தனை உழைப்பும் வீண். பெரிய ஆமைகளைக் காக்காமல் குஞ்சுகளை மட்டும் விடுவது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவது போலத்தான் என்பது நம் கருத்து.

வங்காளக் கரையில் வாழும் இதன் உடன்பிறப்பின் கதை இன்னும் வருத்தமானது. 2007 வரை இரண்டையும் ஒரே இனமென்றே எண்ணியிருந்தார்கள். பழைய புத்தகங்களில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். அந்த வடக்கத்தி இனம் இயற்கையில் ஏறக்குறைய அற்றுப்போன நிலையில், 2010-இல் ஆஸ்திரியா நாட்டு வியன்னா மிருகக்காட்சிசாலையில் குஞ்சு பொரித்தது. கங்கைக் கழிமுகத்து ஆமைக்குப் பனி பெய்யும் ஊரில் தொட்டில்!

கம்போடியாவில் நம் துந்தோங்கே வாழ்கிறது. அங்கும் அதன் முட்டை அரசருக்கு உரியதாக இருந்தது. அடியோடு அழிந்தது என்று கைவிட்டிருந்தவர்கள், 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஓர் ஆற்றில் சிலவற்றைக் கண்டார்கள். 2005-இல் அதைத் தேசிய ஊர்வனவாக அறிவித்தார்கள்.

கூண்டில் வைத்தாலே ஓர் இனம் பிழைத்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. சிலாங்கூரின் சுங்கை டூசுனில் பாதுகாத்து வைத்திருந்த சுமத்ரா காண்டாமிருகங்கள் ஐந்தும் 2003-இல் சில வாரங்களுக்குள் மடிந்தன. சபாவில் இருந்த கடைசிக் காண்டாமிருகமும் 2019 நவம்பரில் இறந்தது. இன்று மலேசியாவில் அந்த இனமே இல்லை. துந்தோங்குக்கு இன்னும் ஆறு இருக்கிறது. திட்டும் சில இருக்கின்றன.

ஒரு சின்னச் செய்தி பிள்ளைகளுக்கு. கடையில் விற்கும், காதோரம் சிவப்புக் கோடுள்ள குட்டி ஆமை அமெரிக்காவிலிருந்து வந்தது. வளர்த்து அலுத்த பின் வாய்க்காலில் விட்டால் அது ஆற்றுக்குப் போய் நம் ஆமைகளின் தீனிக்குப் போட்டியாகும். விடுதலை கொடுத்த புண்ணியம் அதில் இல்லை.

ஆற்றில் வலை போடும் அண்ணன்மாருக்கும் ஒரு வார்த்தை. பெரிய ஆமை சிக்கினால் முன்னங்கால் நகத்தை எண்ணிப் பாருங்கள். நான்கு இருந்தால் அது துந்தோங். ஆமையும் மூச்சு விடும் பிராணி. நீருக்கடியில் வலையில் நெடுநேரம் கிடந்தால் மூழ்கிச் சாகும். ஆகவே வலையை அடிக்கடி தூக்கிப் பாருங்கள். நூல் இறுகியிருந்தால் காலை இழுக்காமல் நூலை அறுத்துவிடுங்கள். காயம் இருந்தால் ஈரச் சாக்கால் மூடி நிழலில் வைத்து வனவிலங்கு இலாகாவுக்குச் சொல்லி அனுப்புங்கள். காயம் இல்லையென்றால், பிடித்த இடத்திலேயே ஆற்றில் விட்டுவிடுங்கள்.