மூட்டு மாற்றியபின் நீடிக்கும் விறைப்பு



1962-இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்னும் மருத்துவர் வகுத்த முறையால், தேய்ந்த இடுப்பு மூட்டை மாற்றும் சிகிச்சை நிலைபெற்றது. சிகிச்சைக்குப்பின் சில மாதங்கள்வரை, காலையிலும், நெடுநேரம் அமர்ந்து எழும்போதும் விறைப்பு இருத்தல் இயல்பே. அதற்கு அஞ்சிப் படுக்கையிலேயே கிடந்தால் தசைகள் மேலும் இறுகும். அவசரப்பட்டு வயலில் இறங்கிக் குனிந்தால் மூட்டு நழுவக்கூடும். ஆகவே, நாள்தோறும் பன்முறை சிறிது தூரம் நடப்போமாக; கற்பித்த பயிற்சிகளைத் தவறாது செய்வோமாக. மருத்துவர் இசையும்வரை சம்மணமிடுதலும் குந்துதலும் வேண்டா. கெண்டைக்கால் வீங்கினாலோ, காய்ச்சல் கண்டாலோ, கால் ஊன்ற முடியாது போனாலோ உடனே மருத்துவமனையை நாடவேண்டும்.

2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் இயன்முறைச் சிகிச்சை இல்லம் தேடி வரலாயிற்று. நம் ஊரில் மூட்டு மாற்றியவர்களை அறிந்து, அவ்வுதவி கிட்டச் செய்வது நம் கடமையன்றோ?