மருந்துக்காட்டில் செத்த ஆடு யார் கணக்கில்?

(புளியங்குடியில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எலுமிச்சைக்குப் பேர்போன இந்தப் புளியங்குடியிலே, ஒரு சென்ட் நிலம் இல்லாத வீட்டிலும் இரண்டு வெள்ளாடு கட்டியிருப்பதைப் பார்க்கிறோம். அந்த ஆடுதான் கூலிக்காரனுடைய பாங்கி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், பள்ளிக்கூடம் திறந்தாலும் கை அங்கேதான் போகிறது. பூச்சிமருந்து அந்தப் பாங்கியை எப்படிக் காலி செய்கிறது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஆட்டுக்கு மருந்தை யாரும் வேண்டுமென்று கொடுப்பதில்லை. பருத்தியிலே அடிக்கிறார்கள், எலுமிச்சையிலே அடிக்கிறார்கள். காற்று அதை வரப்புப் புல்லுக்குக் கொண்டுபோகிறது. டப்பா கழுவிய தண்ணீர் வாய்க்காலில் கலக்கிறது. 2018-ல் படைப்புழு வந்தபிறகு மக்காச்சோளக் குருத்திலேயே மருந்து விழுகிறது. அந்தத் தட்டைதான் மாட்டுக்குத் தீவனம். மேய்ச்சல் புறம்போக்கு சுருங்கச் சுருங்க, ஆடு அடுத்தவன் வரப்பைத் தேடித்தான் போக வேண்டியிருக்கிறது.

மானோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்றவை நரம்பைத் தாக்கும் விஷங்கள். வாயில் எச்சில் ஒழுகும், கழியும், சதை நடுங்கும், மூச்சு முட்டும். உடனே டாக்டர் வந்து அட்ரோபின் ஊசி போட்டால் பிழைக்க வழியுண்டு. ஆனால் எல்லா மருந்துக்கும் இந்த மாற்று ஊசி செல்லாது. எண்டோசல்ஃபானுக்குத் தனி முறிமருந்தே கிடையாது. ஆகவே என்ன மருந்து அடித்தார்கள் என்று தெரிவது உயிர் பிரச்னை.

டி.டி.டி. போன்ற இன்னொரு வகை உடனே கொல்லாது. கொழுப்பில் தங்கிப் பாலில் இறங்கும். 1993-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட ஆய்வில், 12 மாநிலங்களில் எடுத்த 2,205 பால் மாதிரிகளில் சுமார் 82 சதவீதத்தில் டி.டி.டி. இருந்தது. ஷிப்ட் முடிந்து டீக்கடையில் நிற்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இந்த விஷயத்தில் பங்குண்டு!

இப்போது கணக்குக்கு வருவோம். சினை ஆடு ஒன்று செத்தால் போனது ஒரு ஆட்டின் விலை மட்டுமா? வயிற்றுக் குட்டி போச்சு, அடுத்த ஈற்றுக் குட்டிகளும் போச்சு. நாளைக்கு 6 லிட்டர் கறக்கிற மாடு பிழைத்தே விட்டது என்று வையுங்கள். 10 நாள் பால் இல்லை என்றால் 60 லிட்டர் போச்சு; வைத்தியச் செலவு தனி; மாட்டுக் கடனுக்குத் தவணையோ நிற்காது. மருந்து விற்ற கம்பெனியின் லாபக் கணக்கில் இந்த நஷ்டம் ஒரு பைசாகூட ஏறுவதில்லை. ஆடு வளர்த்தவள் தலையில் ஏறுகிறது.

மலைக்கு அப்பால் காசர்கோட்டைப் பாருங்கள். கேரளத் தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகளில், 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். முதலில் எச்சரித்தது எது? கால் கோணிப் பிறந்த கன்றுக்குட்டிகள்! 1979-லேயே பாத்ரே கிராமத்தில் அதைக் கண்டார்கள். 1981-ல் ஸ்ரீ பாத்ரே என்ற பத்திரிகையாளர் எழுதினார். யார் காதிலும் விழவில்லை. பிறகு மனிதக் குழந்தைகளும் ஊனமாகப் பிறந்தன. வேளாண்மைத் துறை ஊழியரான லீலாகுமாரி அம்மா வழக்குப் போட்டு, 2000-ல் தெளிப்புக்குத் தடை வாங்கினார். ஜனநாயக வாலிபர் சங்கம் போட்ட மனுவில் 2011 மே 13 அன்று சுப்ரீம் கோர்ட் நாடு முழுவதும் தடை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலைக்கு 5 லட்சம் ரூபாய் கொடு என்று 2017-ல் உத்தரவிட்டது. கன்றுக்குட்டி சொன்னதைக் கேட்டிருந்தால் இருபது வருஷத் தெளிப்பைத் தடுத்திருக்கலாம் அல்லவா?

சட்டம் இல்லாமல் இல்லை. 1968-ஆம் வருஷத்துப் பூச்சிமருந்துச் சட்டம், மனிதருக்கும் மிருகங்களுக்கும் ஆபத்து வராமல் தடுப்பதே தன் நோக்கம் என்று முகப்பிலேயே சொல்கிறது. 26-வது பிரிவின்படி, விஷம் தாக்கிய சம்பவங்களைத் தெரிவிக்க வேண்டும் என்று மாநில சர்க்கார் கட்டளையிடலாம். 27-வது பிரிவின்படி, மருந்தின் விற்பனையை 60 நாள் நிறுத்தி வைக்கலாம். 2023-ல் தமிழக அரசு, தற்கொலைகளைத் தடுக்க ஆறு மருந்துகளை 60 நாள் நிறுத்தியது. ஆக, அதிகாரம் இருக்கிறது. ஆனால் செத்த ஆட்டை மறுநாளே புதைத்துவிட்டால் சர்க்காரின் ஏட்டில் அப்படி ஒரு ஆடு சாகவே இல்லை!

எனவே நாம் கேட்க வேண்டியவை:

1. மருந்து அடிக்குமுன் பக்கத்துக் காட்டாருக்கும் மேய்ப்பவருக்கும் தெரிவிக்க வேண்டும்.

2. ஒவ்வொரு கால்நடை ஆஸ்பத்திரியிலும் அட்ரோபின் இருப்பு வேண்டும்.

3. விஷத்தால் செத்த கால்நடைக்குச் செலவில்லாமல் பிரேதப் பரிசோதனையும் பதிவும் நஷ்டஈடும் வேண்டும்.

4. காலி டப்பாக்களைக் கம்பெனியே திரும்ப எடுக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. மருந்து டப்பாவின் சீட்டைக் கிழித்து எறியாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். தோலில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். நோய்ப்பட்ட மாட்டின் பாலை டாக்டர் சொல்லும்வரை குடிக்கவோ விற்கவோ வேண்டாம். 2024-ல் மத்திய அரசு செய்த மாற்றத்தின்படி, கால்நடை இன்ஷூரன்ஸ் பிரிமியத்தில் வளர்ப்பவர் பங்கு 15 சதவீதம்தான். அதை விசாரித்துப் பதியுங்கள்.

தோழர்களே, தெளிப்பானைத் தோளில் சுமப்பவனும் கூலிக்காரன். ஆட்டை இழப்பவளும் கூலிக்காரி. ஒருவரோடொருவர் வரப்பில் நின்று சண்டை போட்டால் கம்பெனிக்குத்தான் சௌகரியம். சண்டையை விட்டு, செத்த ஆடு ஒவ்வொன்றுக்கும் சேர்ந்து நின்று மனுக் கொடுங்கள். ஏட்டில் ஏறினால்தான் நம் நஷ்டத்துக்குப் பதில் கிடைக்கும்.