பயிர் காக்கும் சிற்றுயிர்கள்

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



உழவு நம்மவர் பலருக்கு வழிவழி வந்த தொழில். ஆதிபகவன் விருஷப தேவர் உலகோர்க்குக் கற்பித்த அறுதொழில்களுள் கிருஷியும் ஒன்று என்று நம் புராணங்கள் கூறும். ஏர்முனையில் சிற்றுயிர்கள் மடியும் என்பதை நன்கறிந்தும் இல்லறத்தானுக்கு அத்தொழில் விலக்கப்படவில்லை. ஆனால் ஏர்முனையில் மடிவதும், தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு வயல் முழுதும் நஞ்சு பொழிவதும் ஒன்றாகுமா? வந்தவாசி, செய்யாறு, ஆரணிப் பக்கங்களில் நெல் விளைவிக்கும் குடும்பங்களில் இக்கேள்வி எழுவது இயல்பு. விடை தேடுமுன் வயலில் உண்மையில் நிகழ்வது யாது என்று காண்பது நலம்.

புகையானை எடுத்துக்கொள்வோம். தூரின் அடியில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, கூட்டமாக அமர்ந்து சாறு உறிஞ்சும் சிறு தத்துப்பூச்சி அது. தாக்குண்ட பயிர் புகை பட்டதுபோல் திட்டுத்திட்டாகக் காய்ந்துவிடும். அதே தூரில் ஓநாய்ச் சிலந்தி பதுங்கியிருக்கும். மிரிட் எனப்படும் சின்னஞ்சிறு பச்சை நாவாய்ப்பூச்சியும் இருக்கும். புகையானின் முட்டைகளைத் தேடித் துளைத்து உறிஞ்சுவது அதன் வேலை. மருந்து அடித்த அன்று புகையான் மடிகிறது. சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் உடன் மடிகின்றன. புகையானின் முட்டைகளோ இலையுறையின் திசுவுக்குள் புதைந்து தப்பிவிடுகின்றன. சில நாள் கழித்துக் குஞ்சுகள் வெளிவரும்போது அவற்றைத் தின்பதற்கு வயலில் எவரும் இல்லை. அடிக்க அடிக்கப் பூச்சி பெருகுகிறதே என்று உழவர் மலைப்பது இதனால்தான். கடைக்காரரோ இன்னும் வீரியமான மருந்தை எடுத்து நீட்டுவார்!

இந்தோனேசியா இந்தச் சுழலில் ஆழமாகச் சிக்கிய நாடு. அரசே மானியம் தந்து மருந்தை மலிவாக்கியது. புகையானால் நெல் பெருமளவில் அழிந்தது. 1986இல் அதிபர் சுகார்த்தோ நெற்பயிருக்கு 57 வகைப் பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தார். மானியமும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1989இல் நின்றது. உழவர்கள் வயலிலேயே அமர்ந்து நன்மை செய்யும் பூச்சிகளை இனங்காணக் கற்றனர். மருந்து குறைந்தது, அதனால் விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை.

நம் மாநிலத்திலும் ஓர் அரிய நிகழ்ச்சி உண்டு. 2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. அதன் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் ஆகும். அங்கே அதனைக் கட்டுக்குள் வைத்திருந்த எதிரிகளை விட்டுவிட்டு அது தனியே இங்கு வந்து சேர்ந்தது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி என ஒன்றையும் விடவில்லை. உடலைப் போர்த்திய மெழுகு மாவில் மருந்து எளிதில் ஒட்டாது. அது கழிக்கும் இனிய நீரின்மேல் கரும்பூசணம் படர்ந்தது. மல்பெரி பயிரிட்டவர் நிலை இன்னும் இரங்கத்தக்கது: நஞ்சு தெளித்த இலையைப் பட்டுப்புழுவுக்கு எப்படி இடுவது?

2010இல் பெங்களூரில் உள்ள மைய அரசின் வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனத்தார் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூவகை ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தனர். தனிமையில் வைத்துச் சோதித்த பின்னரே அவை வெளியே விடப்பட்டன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி மாவட்டந்தோறும் வழங்கியது. மூன்றனுள் அசெரோபேகஸ் பப்பாயே என்பதே நன்கு வேரூன்றியது. குளவி என்றவுடன் கொடுக்கை நினைந்து அஞ்ச வேண்டா. ஒரு மில்லிமீட்டர் அளவுகூட இல்லாத உயிர் அது. இளம் மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். உள்ளே வளரும் புழு அதனை உண்டு வெறுங்கூடாக்கி, துளையிட்டுக் குளவியாக வெளியேறும். விடப்பட்ட தோட்டங்களில் சில மாதங்களிலேயே மாவுப்பூச்சி அடங்கிற்று.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இயற்கை எதிரிகளைக் கொண்டு பூச்சியை அடக்குவது முழு அகிம்சை என்று மேடைகளில் பேசுவாருண்டு. அது பொருந்தாது. தண்டுத்துளைப்பானுக்கு எதிராக வயலில் கட்டப்படும் டிரைக்கோகிரம்மா அட்டையைப் பாருங்கள். அதில் ஒட்டியிருப்பவை அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகள். அவற்றின் கரு வளராதபடி புற ஊதாக் கதிர் காட்டி, பின்னர் ஒட்டுண்ணிக்கு இரையாக்குகின்றனர். ஓர் உயிரை வளர்த்து மற்றோர் உயிருக்கு ஊட்டும் செயல் இது. தொழில் பற்றி நேரும் இம்சையையும் கருதிச் செய்யும் சங்கற்ப இம்சையையும் வேறுபடுத்தும் நம் அறநூல் மரபில் இதனை எங்கே வைப்பது என்பது எளிய வினாவன்று. விரதம் பூண்ட இல்லத்தார் அட்டை கட்டத் தயங்கினால், அவரைப் பத்தாம்பசலி என்று இளைஞர்கள் எள்ளுதல் கூடாது.

ஆனால் ஏற்கெனவே வயலில் வாழும் சிலந்தியையும் தட்டானையும் பொறிவண்டையும் நஞ்சிட்டுக் கொல்லாமல் விடுவதற்கு எந்த விரதமும் தடையில்லை. அது விரதத்தோடு இயைந்தது. நட்ட முதல் 30 நாள்கள் இலைச்சுருட்டுப் புழுவைக் கண்டு பதறாதிருக்கலாம். இளம்பயிர் இழந்த இலையைப் பெரும்பாலும் ஈடுசெய்துகொள்ளும். வரப்பில் தட்டைப்பயறு ஊன்றலாம். அதன் அசுவிணியை நாடிப் பொறிவண்டு வந்து தங்கும்.

புகையானுக்கும் பல்கலைக்கழகத்தார் ஒரு கணக்கு வைத்திருக்கின்றனர். குனிந்து தூரை விலக்கி எண்ண வேண்டும். சிலந்தி இல்லாத வயலில் ஒரு தூருக்கு ஒரு பூச்சி கண்டாலே நடவடிக்கை தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருக்குமாயின், தூருக்கு இரண்டு பூச்சிகள் வரும்வரை காத்திருக்கலாம். மருந்துக் கடைக்குப் புறப்படுமுன் நம் வீட்டுப் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்று, விடியற்காலையில் அவ்வாறு ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.